எறும்பின் மழை, மார்கழியின் மழை

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. தருமபுரிக்கும் கடலுக்கும் வெகு தூரம். கரையேறிய புயல் அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். ஃபெஞ்சலும் வலுவிழந்தது. ஆனால் அதன் மிச்சம் மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து, டிசம்பர் 1, 2 தேதிகளில் அரூர்ப் பக்கம் கொட்டித் தீர்த்தது. 24 மணி நேரத்தில் அரூரில் 33 செ.மீ., மாவட்ட எல்லை தாண்டி ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. தருமபுரி மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கப் பெறும் மழையே சராசரியாகச் சுமார் 85 செ.மீ.தான்.

மழை எப்போது வரும், எவ்வளவு வரும் என்ற கேள்வி இந்த மண்ணில் வாழ்வா சாவா என்ற கேள்வி. ராகி, சாமை, கொள்ளு, நிலக்கடலை, துவரை என்று இங்கே விளைவதில் பெரும்பகுதி மானாவாரி. விதைத்த பிறகு மழை பொய்த்தால் விதை போச்சு; அறுத்துக் களத்தில் போட்ட பிறகு மழை பெய்தால் விளைச்சல் போச்சு. தை மாதம் மா பூத்திருக்கும்போது வானம் மூடி மழை பிடித்தால் பூ கருகும். ஆகவே வானத்தைப் பார்ப்பதும், வானத்தை உணரும் உயிர்களைப் பார்ப்பதும் உழவு வேலையின் ஒரு பகுதியாகவே இருந்து வந்தன. எறும்பு முட்டையோடு மேடேறினால் மழை, தட்டான் தாழப் பறந்தால் மழை, ஈசல் புறப்பட்டால் மழை, தவளை கத்தினால் மழை. இவை போதாதென்று மார்கழி மாதத்து மேகம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அடுத்த ஆண்டு மழையையே கணிக்கும் வழக்கமும் உண்டு.

இவற்றை எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னோர் சொன்னதெல்லாம் அறிவியலே என்று ஒரே மூச்சில் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் அந்த அறிவைச் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஒவ்வோர் அறிகுறியிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: நீ எவ்வளவு காலத்துக்கு முன்பே சொல்கிறாய்? சில மணி நேரமா, சில மாதமா? இந்தக் கேள்வி ஒன்றே நம் மழைக்குறிகளை இரண்டாகப் பிரித்துவிடும்.

மேடேறும் எறும்பு

எறும்பிலிருந்து தொடங்குவோம். எறும்புகள் வாயில் கவ்விக்கொண்டு வரிசையாகப் போகும் அந்த வெள்ளை மணிகளை முட்டை என்கிறோம். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை முட்டைப் பருவம் கடந்த புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். எறும்பின் முட்டை கண்ணுக்கு எளிதில் தென்படாத அளவு சிறியது.

இந்தக் குஞ்சுகளுக்குச் சரியான வெப்பமும் சரியான ஈரமும் வேண்டும். மண் காய்ந்தால் உலர்ந்து சாகும். நீர் ஊறினால் பூஞ்சை பிடிக்கும், மூழ்கும். அதனால் வேலைக்கார எறும்புகள் சாதாரண நாட்களிலேயே குஞ்சுகளைப் புற்றுக்குள் மேலும் கீழுமாக இடம் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. காலை வெயில் மேல் மண்ணைச் சூடாக்கும்போது மேலே, உச்சி வெயிலில் கீழே. எங்கே கொண்டுபோவது என்பதை அவற்றின் உணர்கொம்புகள் சொல்கின்றன. காற்றின் ஈரத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் அந்தக் கொம்புகளில் உள்ளன.

மழைக்கு முந்தைய சில மணி நேரத்தில் தரையை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் ஏறுகிறது. பல நேரங்களில் சற்றுத் தொலைவில் ஏற்கெனவே பெய்த மழையின் குளிர்ந்த, ஈரமான காற்று நம்மை முந்திக்கொண்டு வருகிறது. எறும்பு அதற்குத் தக்கபடி நடந்துகொள்கிறது. நாளை நடக்கப்போவதை அது அறியவில்லை. இந்த நொடியில் தன்னைச் சுற்றியுள்ள காற்றில் நடந்துவிட்ட மாற்றத்தை நமக்கு முன்னால் உணர்ந்துவிடுகிறது. நம் தோலுக்கு அந்த மாற்றம் எட்டச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளிதான் முன்னறிவிப்பாக நமக்குப் படுகிறது.

எறும்பு இடம்பெயர வேறு காரணங்களும் உண்டு. புற்றைக் கிளறியிருக்கலாம்; கட்டெறும்பு போன்ற பகை எறும்புகள் படையெடுத்திருக்கலாம்; புதிய புற்றுக்குக் கூட்டமே குடிபோகலாம். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் உடனடி மழைக்கான அறிகுறிகளைத் தொகுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. எறும்பு முட்டை சுமப்பதையும் அவர் அதில் சேர்க்கிறார். கூடவே, எந்தத் தொல்லையும் நேராதபோது சுமந்தால்தான் அது மழைக்குறி என்று நிபந்தனையும் வைக்கிறார். இன்றைய ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் இப்படி எழுதினால் ஆசிரியர் பாராட்டுவார். வேறு காரணங்களை விலக்கிவிட்டு மிஞ்சுவதைப் பார் என்பதுதான் சோதனை முறையின் அடிப்படை. அந்த எச்சரிக்கையை 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

தாழப் பறக்கும் தட்டான்

தட்டான் தாழப் பறப்பதற்குக் காரணம் தட்டானிடம் இல்லை, அதன் இரையிடம் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் சூடான தரையிலிருந்து காற்று மேலெழும்பும். கொசு, சிறு ஈ, அசுவினி போன்ற எடையற்ற பூச்சிகள் அந்தக் காற்றோடு உயரே போய்விடும். தட்டானும் தகைவிலான் குருவியும் அவற்றைத் துரத்தி உயரே பறக்கும். மேகம் திரண்டு வெயில் மறைந்ததும் மேலெழும் காற்று ஓய்கிறது. சிறு பூச்சிகள் தரைக்கு அருகிலேயே தங்குகின்றன. வேட்டைக்காரர்களும் கீழே இறங்குகிறார்கள். ஆக, தட்டானின் உயரம் காற்றின் நிலையைக் காட்டும் ஒரு முள். மேகம் கூடியும் மழை பெய்யாத நாளில்கூட அந்த முள் கீழே இறங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு தட்டான் இனத்துக்கு மழையோடு இன்னும் ஆழமான உறவு உண்டு. மழைக்காலத்தில் நம் ஊர் வயல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் தெரியும் மஞ்சள் தட்டான், பான்டாலா ஃபிளாவெசன்ஸ் என்ற இனம். மழை தேக்கிய குட்டைகளில் இதன் இளம்பருவம் சில வாரங்களிலேயே வளர்ந்து முடிந்துவிடும். மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீர் நிலைகளே அரிதான அந்தத் தீவுகளுக்கு ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் இலட்சக்கணக்கில் தட்டான்கள் வந்திறங்குவதைப் பல ஆண்டுகள் பதிவு செய்தார். அவை இந்தியாவிலிருந்து புறப்பட்டு, வடகிழக்குக் காற்றின் துணையோடு இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா செல்கின்றன என்று 2009-இல் எழுதினார். மழைப்பட்டை நகர நகரத் தட்டானும் நகர்கிறது. ஒரு தலைமுறை தொடங்கும் பயணத்தை அடுத்தடுத்த தலைமுறைகள் முடிக்கின்றன. தட்டான் கூட்டத்தைக் கண்டு மழைக்காற்று திரும்பிவிட்டது என்று சொன்ன கிழவர் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

மழையைப் பின்தொடரும் உயிர்கள்

ஈசலின் கதை வேறு. கரையான் புற்றில் சிறகு முளைத்த ஆணும் பெண்ணும் மாதக்கணக்கில் தயாராகக் காத்திருக்கும். முதல் நல்ல மழை மண்ணை நனைத்த பிறகு அவை வெளியேறும். சிறகு உதிர்த்த இணை புதுக் குடும்பம் தொடங்க மண்ணைத் தோண்டியாக வேண்டும். காய்ந்த மண்ணில் அது நடக்காது. ஒரு வட்டாரத்துப் புற்றுகள் எல்லாம் ஒரே மாலையில் பறக்கவிட்டால்தான் வெவ்வேறு புற்றின் ஆணும் பெண்ணும் சந்திக்க முடியும். பறவையும் ஓணானும் தின்று தீர்த்தது போக மிச்சமும் இருக்கும். பெய்த மழையே எல்லாப் புற்றுக்கும் ஒரே நேரத்தில் அடிக்கும் மணி. ஆகவே ஈசல் மழைக்கு முன்னால் வருவதைவிட மழைக்குப் பின்னால் வருவதே அதிகம். ஆனால் மழைக்காலத்தில் ஒரு மழையைத் தொடர்ந்து இன்னொரு மழை வருவது இயல்பு. அதனால் ஈசலைக் கண்டு அடுத்த மழையை எதிர்பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. ஈசலைப் பிடித்து வறுத்துப் பொரியோடு தின்னும் வீடுகளுக்கு அந்த மாலை ஒரு விருந்தும்கூட.

தவளையும் இப்படித்தான். அதன் தோல் நீரைத் தடுக்காத தோல். வறட்சியில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, ஈரம் எட்டியதும் வெளியே வருகிறது. குட்டையில் தண்ணீர் நிற்கும் சில வாரங்களுக்குள் முட்டையிட்டு, தலைப்பிரட்டை தவளையாகி முடிய வேண்டும். ஆகவே ஆண் தவளைகள் ஒரு நாளையும் வீணாக்காமல் கத்துகின்றன. ஈரக்காற்று ஏறும்போதே சில தொடங்கிவிடும்; முழுக் கச்சேரி மழைக்குப் பிறகுதான்.

ஓர் ஊரில் பலிக்கும் குறி இன்னோர் ஊரில் பலிக்காது என்பதற்குச் சுடலைக் குயில் நல்ல சான்று. வட இந்தியாவில் இந்தக் கறுப்பு வெள்ளைக் குயில் தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்து சேர்கிறது. அதைக் கண்டால் மழை வந்துவிட்டது என்பது அங்கே பழைய நம்பிக்கை. தமிழ்நாட்டில் அதே பறவை ஆண்டு முழுவதும் காணக் கிடைக்கிறது. எப்போதும் இருக்கும் ஒன்று எதையும் முன்னறிவிக்க முடியாது.

காற்றழுத்தம் என்ற இரகசியம்

ஈரப்பதம், வெப்பம், வெளிச்சம் இவற்றோடு நான்காவது ஒன்றும் உண்டு: காற்றழுத்தம். தாழ்வழுத்தம் நெருங்கும்போது அழுத்தம் சிறிது சிறிதாகக் குறைகிறது. கருவி இல்லாமல் நம்மால் அதை அறிய முடிவதில்லை. பூச்சியும் பறவையும் அறிகின்றனவா?

பிரேசில், கனடா ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. ஒரு வண்டு, ஓர் அந்துப்பூச்சி, ஓர் அசுவினி என மூன்று வகைப் பூச்சிகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அழுத்தம் குறையும் வேளையில், பெண் வண்டின் மணத்தை நோக்கி நடக்கும் ஆண்களின் எண்ணிக்கை குறைந்தது. பெருங்காற்றிலும் மழையிலும் வெளியே திரிந்தால் சாவு நிச்சயம் என்னும் அளவுக்குச் சிறிய உடல் அவற்றுக்கு. ஒதுங்குவதே பிழைக்கும் வழி. அதே ஆண்டில் அமெரிக்காவில் வெண்முடிச் சிட்டுகளைக் கூண்டில் வைத்து அழுத்தத்தை மட்டும் குறைத்துப் பார்த்தபோது, அவை வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றன. புயலில் வெளியே போக முடியாத நேரத்துக்கு வயிற்றில் சேமிப்பு.

எல்லாவற்றிலும் வியப்பானது 2014 ஏப்ரலில் டென்னசி மாநிலத்தில் நடந்தது. ஹென்றி ஸ்ட்ரீபியும் அவர் குழுவினரும் பொன்னிறச் சிறகுள்ள சிறு கதிர்க்குருவிகளின் உடலில் இடங்காட்டும் நுண்கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். சூறாவளிகளோடு கூடிய ஒரு பெரும் புயல் இன்னும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே, கருவி சுமந்த ஐந்து பறவைகள் இருப்பிடத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டன. ஐந்து நாளில் 1,500 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவிட்டு, புயல் போன பின் திரும்பி வந்தன. அவை புறப்பட்ட வேளையில் அங்கே அழுத்தமோ காற்றோ குறிப்பிடும்படி மாறியிருக்கவில்லை. புயல் எழுப்பும், மனிதக் காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியைக் கேட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

விலங்குகள் முன்கூட்டி அறிகின்றன என்பதற்கு இங்கே பார்த்த சான்றுகளில் இதுவே மிக நீண்ட கெடு. அதுவும் ஓரிரு நாள்தான். உடலால் உணரப்படும் எதுவும் ஏற்கெனவே காற்றில் தொடங்கிவிட்ட ஒன்றின் செய்தி. தொடங்காததை உணர உடலில் உறுப்பு இல்லை.

மார்கழி வானத்தின் கணக்கு

இப்போது மாதக்கணக்கில் முன்சொல்லும் மரபுக்கு வருவோம். அவற்றில் தமிழகத்தில் பெயர்பெற்றது கர்ப்போட்டம். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தைக் கடக்கும் நாட்கள், ஏறத்தாழ டிசம்பர் 28 அல்லது 29 முதல் ஜனவரி 11 வரை, மேகம் கருத்தரிக்கும் காலம் என்பார்கள். அந்த நாட்களில் மேகம் தெற்கு நோக்கி ஓடுகிறதா, லேசான தூறல் உண்டா, மந்தாரமாக இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு நாளையும் வரும் மழைக்காலத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக வைத்துக் கணிப்பார்கள். வாசலில் அரிசிமாவுக் கோலம் போடுவதும், சாணத்தில் பூசணிப்பூ செருகுவதும், எழுந்தவுடன் வானத்தை அண்ணாந்து பார்ப்பதும் ஒரே விடியற்காலை வேலைகளாக இருந்தன. இதன் வேரும் வராகமிகிரரிடம் தெரிகிறது. மேகம் கருக்கொண்ட 195-ஆம் நாள் மழை பிறக்கும் என்பது அவர் தரும் கணக்கு.

தை பிறக்கும்போது இன்னொரு கணிப்பு. சங்கராந்தி புருஷன் அந்த ஆண்டு எந்த விலங்கின் மேல் ஏறி வருகிறார் என்று பஞ்சாங்கம் சொல்லும். யானை, சிங்கம், குதிரை, கழுதை என்று வாகனத்துக்குத் தக்கபடி மழைக்கும் விளைச்சலுக்கும் பலன் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் குளிர்காலத்தில் ஒரு விலங்கைக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. 1887 முதல் அங்கே பங்க்சடானி என்ற ஊரில், பிப்ரவரி 2 அன்று நிலஅணில் ஒன்றை வளையிலிருந்து வெளியே கொண்டுவருகிறார்கள். அது தன் நிழலைக் கண்டால் இன்னும் ஆறு வாரம் குளிர் என்று பொருள். வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது அந்தக் கணிப்பு பாதி அளவுகூடப் பலிக்கவில்லை.

சங்கராந்தியின் வாகனம் கரணம் என்ற திதிக் கணக்கிலிருந்து வருவது. சூரியனும் சந்திரனும் நிற்கும் கோணத்தைக் கொண்டு நூறு ஆண்டுக்கு முன்பே அதைக் கணித்து வைக்கலாம். காற்றிலோ கடலிலோ இருந்து அதற்குள் எந்தச் செய்தியும் நுழைவதில்லை. ஆகவே மழையைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது.

கர்ப்போட்டம் அப்படியல்ல. அது உண்மையான வானத்தை, உண்மையான மேகத்தைப் பார்க்கிறது. மழை சும்மா வந்துவிடுவதில்லை, மாதக்கணக்கில் எங்கோ உருவாகி வருகிறது என்ற ஆழமான எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஆனால் இரண்டு தடைகள் அதன் முன் நிற்கின்றன. ஒன்று, காற்றுமண்டலத்துக்கு நினைவு குறைவு. எட்வர்ட் லோரன்ஸ் 1960-களில் காட்டியபடி, இன்றைய மேகத்தையும் காற்றையும் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் நாள்வாரியான வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு மேல் முன்சொல்ல முடியாது. மார்கழியின் ஒரு நாள் மேகம் ஆடி மாதத்தின் சில நாள் மழையைச் சொல்ல வேண்டுமானால், இடையில் அந்தச் செய்தியைச் சுமந்து வர ஏதாவது ஒன்று வேண்டும். இரண்டு, நட்சத்திரக் கணக்கும் பருவமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போகின்றன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், சூரியன் பூராடத்துக்கு வரும் நாள் பருவத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போகிறது. வராகமிகிரர் காலத்தில் இதே பூராட நாட்கள், இன்றைய காலண்டர் கணக்கில் டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே தொடங்கியிருக்கும். மூன்று வாரம் நகர்ந்துபோன சாளரத்தின் வழியே பார்க்கிறோம்.

கார்த்திகையைப் பார்க்கும் ஆண்டீஸ் உழவர்

மாதக்கணக்கில் முன்சொல்லும் மரபு எதுவுமே பலிக்காது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டீஸ் மலைகளில் உருளைக்கிழங்கு பயிரிடும் உழவர்கள், ஜூன் மாதம் புனித யோவான் திருநாளை ஒட்டி, விடிவதற்கு முன் மலையேறி ஒரு விண்மீன் கூட்டத்தைப் பார்க்கிறார்கள். நாம் கார்த்திகை என்று சொல்லும் அதே கூட்டம்தான். அங்கே அது கடுங்குளிர் காலம். கார்த்திகை பளிச்சென்று தெரிந்தால் வரும் மழைக்காலம் நன்றாக இருக்கும். மங்கித் தெரிந்தால் மழை தாமதமாகும், குறையும், நடவைத் தள்ளிப்போடுவார்கள்.

பெஞ்சமின் ஆர்லோவ், ஜான் சியாங், மார்க் கேன் மூவரும் இதைச் சோதித்து 2000-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். எல் நினோ ஆண்டுகளில், ஜூனிலேயே அந்த மலைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய உயர்மேகம் பரவுகிறது. அது விண்மீன்களை மங்கலாக்குகிறது. அதே எல் நினோதான் மாதங்கள் கழித்து அங்கே மழையைக் குறைக்கிறது. நினைவைச் சுமந்து வருவது பசிபிக் கடல். காற்று மறந்துவிடும், கடல்நீர் தன் சூட்டை மாதக்கணக்கில் வைத்திருக்கும். உழவர்களுக்குக் கடலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பல தலைமுறை கவனித்ததில் சரியான ஒன்றைக் கண்டுகொண்டார்கள்.

தருமபுரிக்கு இப்படி ஒரு குறி கிடைப்பது கடினம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு இரு பருவங்களும் ஏறத்தாழச் சம அளவில் மழை தருகின்றன. கோடை மழையும் கணிசமாக உண்டு. எல் நினோ வரும் ஆண்டில் தென்மேற்குப் பருவம் இந்தியாவில் வலுக்குறைவது வழக்கம். வடகிழக்குப் பருவம் தமிழ்நாட்டில் வலுப்பது வழக்கம். ஒரே காரணம் இரண்டு பருவங்களை எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது. ஆண்டு நல்லதா கெட்டதா என்று ஒற்றை வார்த்தையில் சொல்லும் எந்தக் குறியும் இந்த மாவட்டத்துக்குப் போதாது. எந்தப் பட்டத்துக்கு, எந்தப் பயிருக்கு என்று கேட்டுத்தான் பதில் தேட வேண்டும்.

நான்கு கட்டங்கள்

ஒரு மழைக்குறி உண்மையா என்று சோதிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு மழைமானியும் போதும். பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரியுங்கள். குறி தெரிந்தது, மழை வந்தது. குறி தெரிந்தது, மழை வரவில்லை. குறி தெரியவில்லை, மழை வந்தது. குறியும் இல்லை, மழையும் இல்லை. மனித மனம் முதல் கட்டத்தை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும். மற்ற மூன்றையும் மறந்துவிடும். நம்பிக்கைகள் வளர்வது இதனால்தான்.

ஐப்பசியில் 30 நாளில் 15 நாள் மழை என்று வைத்துக்கொள்வோம். 10 நாள் எறும்பு முட்டை சுமந்தது; அதில் 5 நாள் மழை. பாதிக்குப் பாதி பலித்ததே என்று தோன்றும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பத்து நாளைத் தேர்ந்தெடுத்தாலும் சராசரியாக ஐந்து நாள் மழை இருந்திருக்கும். எறும்பு எதையும் சொல்லவில்லை. மாறாக அந்தப் பத்தில் 8 நாள் மழை, எறும்பு அசையாத 20 நாளில் 7 நாள்தான் மழை என்று வந்தால், அங்கே உண்மையான செய்தி இருக்கிறது. கர்ப்போட்டத்தையும் இப்படியே சோதிக்கலாம். மார்கழியில் எழுதிய கணிப்பை அப்போதே உறையிட்டு ஒட்டி வைத்துவிட வேண்டும். மழை பெய்த பிறகு கணிப்பைத் திருத்த யாருக்கும் வாய்ப்புத் தரக் கூடாது. ஓராண்டு பலித்ததும் பொய்த்ததும் கணக்கில்லை. பத்து, இருபது ஆண்டுப் பதிவு வேண்டும்.

இதைச் செய்யத் தகுந்த இடம் பள்ளிக்கூடம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரப் பள்ளிகளிலும், வத்தல்மலை, சித்தேரி போன்ற மலை ஊர்களிலும் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு மழைக்குறிகளை எழுதி வரட்டும். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியை அளந்து அதன் பக்கத்திலேயே பதியட்டும். வாரம் இருமுறை வரும் வேளாண் வானிலை அறிவிப்பும், 2019-இல் வெளியான மேகதூது செயலியும் பரந்த ஒரு பகுதிக்குப் பொதுவாகத்தான் சொல்கின்றன. ஒரே மாவட்டத்தில் மலையடிவாரத்தில் பெய்யும் மழை அடுத்த ஊரில் பெய்வதில்லை. அந்த இடைவெளியில், தன் கொல்லையின் காற்றை மட்டும் அறிந்த எறும்புக்கும் தட்டானுக்கும் இன்னும் வேலை இருக்கிறது. அரூரில் பெய்த 33 செ.மீ. மழையைப் பல நாள் முன்பே எந்த எறும்பும் சொல்லியிருக்க முடியாது. அதற்குச் செயற்கைக்கோள் வேண்டும். களத்தில் காயும் ராகியை இன்று மாலைக்குள் அள்ள வேண்டுமா என்பதற்கு எறும்பையும் கேட்கலாம்.

குறிகளைச் சொன்ன தலைமுறை வேகமாகக் குறைந்து வருகிறது. அவர்கள் சொன்னதில் எது மெய், எது பொய் என்று பிரிக்கும் முன் அத்தனையும் எழுதி வைக்கப்பட வேண்டும். பொய்யென்று நிரூபிக்கப்பட்ட குறிக்கும் பதிவேட்டில் இடம் உண்டு. எழுதப்படாமல் மறைந்த குறியை மட்டும் யாராலும் சோதிக்க முடியாது.